ஸ்விஃப்ட் டீசலில் எர்டிகா டர்போ: 75 குதிரையை 90 ஆக்க முடியுமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருந்து தினமும் தடா பக்கம் உள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குக் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். மாமாவிடம் வாங்கிய 2013 ஸ்விஃப்ட் விடிஐ, 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மணலி புதுநகர், மீஞ்சூர் பக்கம் டிரெய்லர்களை ஓவர்டேக் செய்யும்போது வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. பெரம்பூரில் எங்கள் மெக்கானிக் அண்ணன், "எர்டிகாவிலும் இதே இன்ஜின்தான், ஆனா 90 குதிரை. அந்த டர்போவும் இன்டர்கூலரும் புதுப்பேட்டை பழைய ஸ்பேர் கடையில எடுத்துப் போட்டுடலாம், 35,000-க்குள்ள முடிச்சிடலாம்" என்கிறார். போடலாமா சார்?

பதில்: டர்போவையும் இன்டர்கூலரையும் மட்டும் மாற்றினால் 90 கிடைக்காது. இப்போது இருக்கிற 75-லும் கொஞ்சம் கை நழுவலாம். அதனால் அந்த 35,000-ஐ இப்போதைக்கு எடுத்து வையுங்கள்.

டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று உள்ளே காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, அந்தக் காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி சரிதான். உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட். மாருதி அதற்கு டிடிஐஎஸ் என்று பெயர் வைத்தது, டாடா குவாட்ராஜெட் என்று வைத்தது. இந்தியச் சாலைகளில் இத்தனை கம்பெனிகளின் பானெட்டுக்குள் உட்கார்ந்த டீசல் இன்ஜின் வேறு இல்லை என்றே சொல்லலாம். 2007-ல் ஸ்விஃப்டில் வந்தபோது 75 குதிரைசக்தி, 190 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). 2011-ல் எஸ்எக்ஸ்4 டீசலிலும், 2012-ல் எர்டிகாவிலும், பிறகு சியாஸ், எஸ்-கிராஸ், பிரெஸ்ஸாவிலும் அதே 1,248 சிசி இன்ஜின் 90 குதிரை, 200 நியூட்டன் மீட்டர் என்று வந்தது. பிளாக்கும் சிலிண்டர் அளவும் ஒன்றுதான் என்பதால் "அதைக் கழற்றி இதில் மாட்டு" என்ற யோசனை யாருக்கும் வரும்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது நிலையான டர்போ. காற்றழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் ஒரு ஸ்பிரிங்கும் டயஃப்ரமும் சேர்ந்து வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவைத் திறந்துவிடும். கம்ப்யூட்டர் சொல்லித்தான் திறக்க வேண்டும் என்பதில்லை, அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். எர்டிகாவில் இருப்பது விஜிடி, அதாவது டர்பைன் சக்கரத்தைச் சுற்றி நகரும் தகடுகள் கொண்ட டர்போ. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும் இல்லையா, குறைந்த சுற்றில் அந்தத் தகடுகள் புகைக்கு அதைத்தான் செய்கின்றன. எப்போது எவ்வளவு மூடுவது என்பதை இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ ஒவ்வொரு நொடியும் முடிவு செய்து, ஒரு சோலினாய்டு (மின்சார வால்வு) வழியாக வேக்குவத்தை விட்டும் பிடித்தும் தகடுகளை நகர்த்துகிறது.

உங்கள் 75 குதிரை ஈசியூவுக்கு இப்படித் தகடுகள் இருப்பதே தெரியாது. அவற்றை நகர்த்தும் கட்டளை அதன் மென்பொருளில் இல்லை. எர்டிகா டர்போவை மாட்டி வேக்குவம் குழாயை அடைத்துவிட்டால் தகடுகள் திறந்தபடியே நிற்கும். கீழ்ச் சுற்றில் இன்று இருப்பதைவிட மந்தமாகும். சில பட்டறைகளில் தகடுகளை ஓரளவு மூடிய நிலையில் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள். முதல் நாள் ஓட்டிப் பார்க்க அருமையாக இருக்கும். மேல்சுற்றில் போகும்போது அழுத்தத்தைக் குறைக்க எதுவும் இல்லாமல் டர்போ தன் எல்லையை மீறிச் சுழலும். அப்புறம் ஷாஃப்ட் உடைந்து இன்ஜின் ஆயில் இன்டேக் வழியாக உள்ளே போய், சாவியைத் திருகி அணைத்தாலும் அணையாமல் அந்த ஆயிலிலேயே இன்ஜின் ஓடுவதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று. டீசல் இன்ஜினின் சக்தியை முடிவு செய்வது உள்ளே செலுத்தும் டீசலின் அளவு. அந்த டீசல் முழுதாக எரிய இடம் கொடுப்பதுதான் காற்றின் வேலை. டர்போ எவ்வளவு காற்றைக் கொண்டுவந்து கொட்டினாலும், ஈசியூ 75 குதிரைக்கான டீசலைத்தான் இன்ஜெக்டருக்கு விடும். ஆக 90 என்ற எண் எர்டிகாவின் டர்போவுக்குள் ஒளிந்திருக்கும் பொருள் அல்ல. டர்போ, இன்டர்கூலர், சென்சார்கள், எரிபொருள் அளவு, இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட ஈசியூ மேப் என்ற அட்டவணை, அதைத் தாங்கும் கிளட்ச், எல்லாம் சேர்ந்தால்தான் 90. அந்தச் செட்டை முழுசாக எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் அதில் ஒரு போல்ட்டைக்கூட வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

முழு செட் என்றால் எவ்வளவு வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈசியூ வேண்டும். அது ஐகேட்ஸ் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டோடும் சாவியோடும் பிணைந்தது, கடையில் கிடைக்கும் ஈசியூவை அப்படியே செருகினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சோலினாய்டு, வேக்குவம் குழாய்கள், அதற்கான வயரிங் வேண்டும். எர்டிகாவின் இன்டர்கூலரும் குழாய்களும் எர்டிகாவின் முகப்புக்கென்று வளைத்தவை, ஸ்விஃப்டின் பம்பருக்குப் பின்னால் அவை நேராக உட்காராது. வெட்டி, வெல்டு வைத்து, ஹோஸ் கிளாம்ப் போட்டு இணைக்கும் ஒவ்வொரு இடமும் பிறகு காற்று கசியும் இடம். 2015-க்குப் பிந்தைய எர்டிகா, சியாஸ் என்றால் எஸ்எச்விஎஸ் மைல்டு ஹைபிரிட் சமாச்சாரமும் கூடவே வரும், அந்த மின்சார அமைப்பு உங்கள் வண்டியில் கிடையாது. டாடா விஸ்டா 90-லும் ஃபியட் புன்டோ 90-லும் இதே வகை விஜிடி இருக்கிறது, விலையும் சில நேரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் சைலன்சர் பக்கத்துக் குழாய், ஆயில் திரும்பும் குழாய், பிராக்கெட் எல்லாம் அந்தந்த கம்பெனிக்குத் தனி. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து முடிக்கும்போது 35,000 என்பது முன்பணமாகத்தான் இருக்கும்.

சரி, இத்தனையும் செய்து 90 வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீஞ்சூரில் டிரெய்லரைத் தாண்டும்போது உங்களுக்கு என்ன கிடைக்கும்? டார்க் 190-ல் இருந்து 200 ஆகும். இருபதில் ஒரு பங்கு. சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. உச்ச டார்க் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குப் பதில் 1,750-ல் வந்துவிடும், அது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. மீதி லாபம் எல்லாம் மேலே இருக்கிறது. இரண்டு இன்ஜின்களும் உச்ச சக்தியைத் தருவது 4,000 சுற்றில். கணக்குப் போட்டால் அந்த இடத்தில் உங்கள் இன்ஜின் தருவது சுமார் 132 நியூட்டன் மீட்டர், எர்டிகாவுடையது சுமார் 158. அந்த 26-தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. டிபிபி (திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி) ரோட்டில், இரண்டு பக்கமும் கன்டெய்னர் நிற்க, நடுவில் நிலக்கரி லாரி ஊர்ந்துகொண்டிருக்க, 4,000 சுற்றை நீங்கள் எத்தனை முறை தொடுவீர்கள்? பஞ்செட்டி தாண்டி தேசிய நெடுஞ்சாலையில் ஏறி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாகத் தடா போகும் நீளத்தில் வேண்டுமானால் கொஞ்சம் தெரியும். அங்கேயும் சட்டப்படி போகும் வேகத்துக்கு 75 குதிரை தாராளம்.

மாருதி அந்த 90-ஐ ஏன் செய்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். எர்டிகா ஏழு பேர் உட்காரும் வண்டி, எஸ்எக்ஸ்4-ம் பிரெஸ்ஸாவும் ஸ்விஃப்டைவிடக் கனமானவை. எடையைச் சுமக்கக் கொடுத்த சக்தி அது. 'பெர்ஃபார்மன்ஸ் வெர்ஷன்' என்று நாம்தான் பட்டம் கட்டிக்கொள்கிறோம்.

நிஜமான பெர்ஃபார்மன்ஸ் வெர்ஷனுக்கு உதாரணம் வேண்டுமானால் நம் ஊர்க்காரர்கள் செய்ததே இருக்கிறது. கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டாக 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி. சாதா பெட்ரோல் டியாகோ 85 குதிரை, ஜேடிபி 114. சாதா இன்ஜினில் ஒரு டர்போவைத் தொங்கவிட்டு அதைச் செய்யவில்லை. டர்போவுக்கென்றே கட்டிய வேறு 1.2 இன்ஜினை வைத்தார்கள், கியர் விகிதங்களை மாற்றினார்கள், சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், டயரை அகலமாக்கினார்கள். உதிரிப் பாகம் மாற்றி ஓரளவு அர்த்தமுள்ள பலன் காணக்கூடிய ஜோடி என்றால் ஃபியட் லீனியா டி-ஜெட்டும் அபார்த் புன்டோவும்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. இரண்டும் 1,368 சிசி டர்போ பெட்ரோல், ஒன்று 114 குதிரை, மற்றது 145. அங்கேயும் ஈசியூ மேப் இல்லாமல் கதை நடக்காது. லீனியா வைத்திருப்பவர்களுக்கு உதிரிப் பாகம் கிடைப்பதே பெரிய பாடு என்பது வேறு கதை.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன "இழுக்கவே மாட்டேன் என்கிறது" என்ற வரிதான். நல்ல நிலையில் இருக்கும் 75 குதிரை ஸ்விஃப்ட், 2,000 சுற்றைத் தாண்டியதும் முதுகில் கை வைத்துத் தள்ளும். உங்களுடையது தள்ளவில்லை என்றால் அது இப்போது 75-ல் இல்லை. அறுபதோ அறுபத்தைந்தோ தந்துகொண்டிருக்கலாம். தொலைந்து போன அந்தக் குதிரைகளைத் தேடுவதுதான் முதல் வேலை, அதற்கு ஆகும் செலவும் குறைவு.

மெக்கானிக்கிடம் முதலில் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். எரர் கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடக்கூடாது. ஓட்டிக்கொண்டே ரெயில் பிரஷரையும் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் பொதுக் குழாயில் டீசலின் அழுத்தம்) உள்ளே வரும் காற்றின் அளவையும் பார்க்க வேண்டும். பிறகு டர்போவில் இருந்து இன்டேக் வரை உள்ள ரப்பர் ஹோஸ்கள். கடலோரம் நிற்கும் வண்டிகளில் கிளாம்ப் உப்புக் காற்றில் துருப்பிடித்துத் தளர்ந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். திருவொற்றியூர், எண்ணூர், காசிமேட்டு வண்டி என்றால் நான் முதலில் கை வைப்பதே அங்கேதான். ஹோஸின் அடிப்பக்கம் ஆயில் ஈரமும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது உஸ் என்ற சத்தம் கேட்டாலும் அதுதான். ஒரு கிளாம்பை மாற்றியதும் "வண்டி புதுசாகிவிட்டது" என்று சொன்ன வாடிக்கையாளர்கள் உண்டு.

அடுத்து, புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு. கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்தே ஓடும் டீசல் வண்டியில் கரி சீக்கிரம் படியும். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். இதே கரிதான் விஜிடி டர்போவின் தகடுகளுக்கும் எமன். ஊர்ந்து ஓடும் வண்டியில் அவை அசையாமல் ஒட்டிக்கொள்ளும். தினமும் நீங்கள் போகும் சாலைக்கு, நகரும் பாகம் குறைந்த உங்கள் பழைய டர்போவே நீடித்து உழைக்கும். ஏர் ஃபில்டரைச் சொல்லவே வேண்டாம், அந்தப் பக்கத்துச் சாம்பலுக்கும் தூசிக்கும் கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள். இன்ஜெக்டர்கள் எரிக்காமல் திருப்பி விடும் டீசலை அளக்கும் ரிட்டர்ன் லீக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். நான்கில் ஒன்று அதிகமாகத் திருப்பி விட்டாலும் இழுவை போகும்.

கிளட்சை நீங்களே சோதிக்கலாம். காலியான நேரான சாலையில், நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் சடாரென்று ஏறி, வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. 1,40,000 கி.மீ. ஓடிய வண்டியில் பழைய கிளட்ச் பிளேட்டே இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வழுக்கும் கிளட்சின் மேல் 90 குதிரையை ஏற்றினால் முதல் வாரமே கருகல் வாசனை வரும்.

மாமாவிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதோ அதற்கு முந்தைய வெள்ளங்களிலோ இந்த வண்டி தண்ணீரில் நின்றதா, அல்லது தண்ணீருக்குள் ஓட்டினார்களா? வட சென்னையில் வாங்கும் எந்தப் பழைய வண்டிக்கும் நான் இதைக் கேட்கச் சொல்வேன். இந்த இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 312 சிசி, கம்ப்ரெஷன் (காற்றை அமுக்கும் விகிதம்) 17.6-க்கு 1. அப்படியென்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 19 சிசிதான், நான்கு டீஸ்பூன்கூட வராது. அதைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே போனால், தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கொஞ்சமாக வளைந்த ராடோடு வண்டி ஓடும். மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட ஓடும். அந்தப் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் போலக் கீழேயே நின்றுவிடும், அந்தச் சிலிண்டரின் கம்ப்ரெஷன் மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாகக் காட்டும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நடுங்கும். அந்த நிலையில் அழுத்தத்தைக் கூட்டினால் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். எனவே நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யாமல் இந்த வண்டியில் எந்தப் பவர் வேலையும் ஆரம்பிக்க வேண்டாம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய டர்போவே செத்திருந்தால் அதே 75 குதிரை டர்போவைப் புதிதாகவோ, நம்பிக்கையான இடத்தில் ரீகண்டிஷன் செய்தோ போடுங்கள். போடும்போது ஆயில் சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்து, டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயையும் மாற்றச் சொல்லுங்கள். டர்போ பெரும்பாலும் சாவது ஆயில் பட்டினியால்தான். காரணத்தை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். ஆயிலை நாள் தள்ளி மாற்றியிருந்தால் டைமிங் செயினும் தளர்ந்திருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது சில நொடி கரகரவென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

ஓட்டும் முறையிலும் கொஞ்சம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். டிரெய்லர் பின்னால் 40-ல் போகும்போது நான்காவது கியரில் இருந்தால் முள் 1,500-க்குக் கீழே நிற்கும். அங்கே டர்போ தூங்குகிறது, விஜிடி வைத்திருந்தாலும் அரைத்தூக்கம்தான். வலப்பக்கம் எடுப்பதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறங்கி, முள் 2,000-ஐத் தாண்டியதை உறுதி செய்துகொண்டு வெளியே வாருங்கள்.

"ஈசியூவை மட்டும் ரீமேப் செய்தால் என்ன?" என்று அடுத்து கேட்பீர்கள். பழைய டர்போவோடே கொஞ்சம் டார்க் கூட்ட முடியும், உதிரிப் பாகத்தைக் கழற்றி மாட்டுவதைவிட அது நேர்மையான வழி. ஆனால் மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறிய இன்ஜினுக்கு மட்டும். ரெயில் பிரஷர் சென்சாரை ஏமாற்றும் டப்பாக்களை விற்கிறார்கள், அது வேண்டாம். இன்ஜினுக்குப் பொய்த் தகவல் கொடுத்துச் சக்தி எடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முழு இன்ஜினையே மாற்றினால் ஆர்சி-யில் இன்ஜின் எண் மாற வேண்டும், ஆர்டிஓ அனுமதி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். உங்கள் வண்டிக்கு 2028-ல் 15 ஆண்டு முடிகிறது. ஆர்சி புதுப்பிக்க ஆய்வாளர் பானெட்டைத் திறக்கும்போது வெல்டு வைத்த இன்டர்கூலர் குழாய் கண்ணில் படும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து கிளெய்மில் அவர்களுக்கு வசதியான காரணம் ஆகிவிடும். புதுப்பேட்டையில் எது வாங்கினாலும் பில் கேளுங்கள். ஈசியூ, இன்ஜின் என்றால் எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதற்கான தாளையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில், பட்டறையில் இன்ஜினைப் பிரித்து மேய்ந்து வண்டி தயார் செய்தவர்கள் உண்டு. அந்த ஆசை உங்களுக்கும் இருந்தால் தப்பில்லை. அதற்கென்று தனியாக ஒரு வண்டி வைத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுங்கள். தினமும் வேலைக்குப் போய்ப் பத்திரமாக வீடு திரும்ப வேண்டிய வண்டியில் வேண்டாம். 90 குதிரைதான் வேண்டும் என்று மனசு நின்றுவிட்டால், ஸ்விஃப்டை விற்று மேலே கொஞ்சம் போட்டு 2016-க்குப் பிந்தைய பிரெஸ்ஸா டீசல் ஒன்றைப் பாருங்கள். கம்பெனியே கட்டிய 90, கியர், கிளட்ச், பிரேக் எல்லாம் அதற்கேற்றபடி. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டதால் பழையதுதான் கிடைக்கும். அதையும் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யாமல் வாங்காதீர்கள்.

சோதனை முடிந்ததும் மூன்று விவரங்களை எழுதி அனுப்புங்கள்: நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷன் அளவு, ஐடிலிலும் முழு ஆக்ஸிலரேட்டரிலும் ரெயில் பிரஷர், இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவு. அவற்றைப் பார்த்துவிட்டு ரீமேப் பற்றிச் சொல்கிறேன்.